போர்வெல் வேண்டாம், முதல்ல நம்ம ஊத்துத் தண்ணியைப் பாப்போம்

எல்லாருக்கும் வணக்கம். பெரியவங்களுக்கு என் கும்பிடு, தம்பி தங்கச்சிகளுக்கு அன்பு.

சிங்கப்பூர் அண்ணன் போன வாரம் எழுதுனது, அதுக்கு ஷார்ஜால இருந்து தம்பியும் சென்னைல இருந்து அக்காவும் போட்ட பதில், எல்லாத்தையும் ராத்திரி உக்காந்து படிச்சேன். ஊர்ல குடிக்கத் தண்ணி இல்லைன்னு ஒரு வார்த்தை கேட்டதும் ஆளாளுக்கு ஒரு தொகை சொல்லி, கோயில் திடல்ல ஒரு போர்வெல் போட்டுக் குடுத்துருவோம்னு கிளம்பிட்டீங்க. பெரியம்மாகிட்ட படிச்சுக் காட்டினேன், கண்ணு கலங்கிருச்சு அவங்களுக்கு. ஆனா அந்தக் காசைப் போர்ல போடாதீங்கன்னு சொல்லத்தான் இதை எழுதுறேன். ஊருக்குத் திரும்பி வந்து எனக்கு மூணு வருஷம் ஆச்சு, இங்க நடக்குறதைத் தினம் கண்ணால பாக்குறேன், அதனால கொஞ்சம் நீளமாவே எழுதிக்கிறேன், பொறுத்துக்கங்க.

முதல்ல நிலவரம். தாண்டிக்குடி, பண்ணைக்காடு, நம்ம ஊரு, இந்தக் கொடைக்கானல் கீழ்மலைக்கு ஐப்பசி கார்த்திகை மழைதான் பெரிய மழைன்னு உங்களுக்கே தெரியும். இந்தத் தடவை அது ரெண்டு வாரம் கொட்டிட்டு நின்னுருச்சு. தையில ஒரு சொட்டு இல்ல. பங்குனியில ஒரே ஒரு பூ மழை, ஒரு அங்குலம் இருக்கும், ஒம்பது நாள்ல காப்பி அம்புட்டும் பூத்து மலையே வெள்ளையாகி வாசம் வீட்டுக்குள்ள வரைக்கும் வந்துச்சு, எல்லாரும் சந்தோஷப்பட்டோம். ஆனா பூத்த பின்னாடி 15, 20 நாளைக்குள்ள இன்னொரு மழை விழணும், அப்பத்தான் பிஞ்சு நிக்கும். அது வரல. நேத்து எங்க தோட்டத்துல ஒரு கிளையைப் பிடிச்சுப் பாத்தேன், கணுவுக்குக் கணு குண்டூசித் தலை அளவுக்குப் பிஞ்சு, விரலால லேசா தடவினதும் கறுத்து உதிருது. மிளகுக்கொடி கீழ இலையெல்லாம் மஞ்சளாகித் தொங்குது. மலைவாழை தார் தள்ளின மரம் பாதியில முறிஞ்சு விழுது. காட்டுமாடு முன்னாடி எல்லாம் ஓடைப்பக்கம்தான் நிக்கும், இப்ப விடியக்காலம் எங்க தொழுவத்துத் தொட்டிக்கே வந்து குடிச்சிட்டுப் போகுது, பிள்ளைகளை வெளிச்சம் வராம வெளிய விடுறது இல்ல.

இனி ஊத்துக் கதை. கன்னிமார் கோயிலுக்குப் பின்னாடி பாறை இடுக்குல இருந்து வர்ற ஊத்தைத்தான் சொல்றேன். நம்ம சின்னப்பிள்ளையில மூங்கில் தப்பையில தண்ணி சத்தமா விழும், பள்ளிக்கூடம் விட்டு வந்து தலையை நீட்டிக் குளிப்போமே, அதே ஊத்து. மூணு வருஷமா நான் ஒரு வேலை செய்றேன், மாசத்துக்கு ஒரு நாள் 20 லிட்டர் வாளியை அதுக்குக் கீழ வச்சு போன்ல நேரம் பாத்து ஒரு நோட்டுல எழுதி வைக்கிறேன். நல்ல மழை பெஞ்ச வருஷம் மார்கழியில 40 செகண்டுல வாளி நிறைஞ்சுச்சு. இந்தச் சித்திரை முதல் வாரம் வச்சேன், 11 நிமிஷம் ஆச்சு. அந்த 11 நிமிஷமும் அங்கயே குத்த வச்சு உக்காந்திருந்தேன், பேனா கனத்துக்கு ஒரே ஒரு நூல், அதுவும் நடுவுல நடுவுல அறுந்து அறுந்து விழுது, வரிசையில 17 குடம்.

11 நிமிஷத்துக்கு 20 லிட்டர்னா ஒரு நாளைக்கு 2,600 லிட்டர் வருது. ஊர்ல இப்ப ஆள் இருக்குறது 38 வீடு. வீட்டுக்கு 68 லிட்டர். குடிக்க, சமைக்க, கஷ்டப்பட்டுப் போதும். ஆனா அந்த 2,600 நம்ம கைக்கு வரலைங்கறதுதான் விஷயம். ராத்திரி 10 மணிக்கு மேல காலையில 5 மணி வரைக்கும் பிடிக்க ஆள் இல்ல, அந்த ஏழு மணி நேரத்துல மட்டும் 750 லிட்டருக்கு மேல வருது, நம்ம தாத்தாமார் கட்டின கல்தொட்டி அடியில விரிசல் விட்டுக் கிடக்குறதனால அத்தனையும் மண்ணுக்குள்ள போயிருது. பகல்லயும் தொட்டியில நிக்காது, குடத்தை நேரா ஊத்துல வச்சுத்தான் பிடிக்கணும், அதனாலதான் இவ்வளவு நேரம் பொம்பளைங்க அங்க நிக்கிறாங்க. நாலுல ஒரு பங்குத் தண்ணியை விரிசல்ல விட்டுட்டு, நாம 600 அடிக்குக் கீழ தேடப் போறோம்.

போரைப் பத்தி எனக்குத் தெரிஞ்சதை மறைக்காமச் சொல்லிடுறேன். 2016ல வடகிழக்குப் பருவமழை தமிழ்நாடு முழுக்க 62 சதவீதம் குறைஞ்சுச்சு, 2017 ஜனவரியில எல்லா மாவட்டத்தையும் வறட்சி மாவட்டம்னு அரசாங்கமே அறிவிச்சுச்சு, ஞாபகம் இருக்கும். அப்ப நான் வெளிநாட்டுல இருந்தேன். அப்பா போன்ல புலம்புறதைத் தாங்க முடியாம, போர் போடுங்கப்பான்னு ஒன்றரை லட்சம் அனுப்பினேன். கீழ இருந்து வண்டி வந்துச்சு, நீரோட்டம் பாக்குறவர் தேங்காயை உள்ளங்கையில வச்சு நடந்து இடம் காட்டினாரு, 650 அடி போட்டாங்க. 40 அடி வரைக்கும் மண்ணு, அதுக்குக் கீழ அம்புட்டும் கருங்கல்லு, கடைசி வரைக்கும் தண்ணி வரல, கல்லுப்பொடி வெள்ளைப் புகையா வந்ததுதான். அப்பா அந்தப் புகையைப் பாத்துக்கிட்டே சாயங்காலம் வரைக்கும் நின்னாருன்னு அம்மா பின்னாடி சொன்னாங்க. அந்தக் குழாய் இன்னும் வீட்டுக்குப் பக்கத்துல கல்லு மூடிக் கிடக்கு.

நம்ம மலை சார்னோக்கைட்டுனு சொல்ற கெட்டிப் பாறை. அதுக்குள்ள தண்ணி தங்குறது வெடிப்புல மட்டும்தான், வெடிப்பு அமைஞ்சா யோகம், அமையலைன்னா புகை. மலைக்குத் தண்ணி பெரும்பாலும் மேல இருக்குற மண்ணுலயும் உளுத்த கல்லுலயும்தான் நிக்குது, ஐப்பசியில குடிச்சதை மெல்ல மெல்லக் கசிய விட்டுச் சித்திரை வரைக்கும் ஊத்தா குடுக்குது. அப்படியே போர்ல தண்ணி வந்தாலும் ஊத்துக்குப் போற தண்ணியையே நாம குறுக்க இழுத்தோம்னா? அப்புறம் ரெண்டும் இல்லாமப் போகும். அனுமதி, மலைல வண்டி ஏத்துற பிரச்சனை எல்லாம் அதுக்கப்புறம்.

ஊத்து ஏன் குறைஞ்சுச்சு, மழை மட்டும் காரணமான்னு பளியர் பழங்குடிக் குடியிருப்புல இருந்து தேன் எடுக்க வர்ற பெரியவர்கிட்ட கேட்டேன். அவரு என்னை மேல கூட்டிட்டுப் போனாரு. கோயில்காடு நாம யாரும் கை வைக்காததால அப்படியே நிக்குது, உள்ள மிதிச்சா கால் ஒரு சாண் சருகுல புதையுது, இந்த வெயில்லயும் அடி மண்ணைக் கிள்ளினா ஈரம் விரல்ல ஒட்டுது. கோயில்காட்டைத் தாண்டினா சரிவு முழுக்கத் தைலமரம். தரையில புல்லு இல்ல, மழை விழுந்தா ஓடுன தடம் வாய்க்கால் வாய்க்காலா அறுத்துக் கிடக்கு, மண்ணைத் தோண்டினா மாவு மாதிரிப் பறக்குது. மேல்மலையில புல்வெளி எல்லாத்துலயும் தைலமும் வேட்டில்ங்கற வெளிநாட்டு மரமும் வச்சு ஓடைத் தண்ணி எப்படிக் குறைஞ்சுச்சுங்கறது மன்னவனூர், பூம்பாறைப் பக்கம் பொண்ணு குடுத்தவங்களுக்குத் தெரியும், நான் சொல்ல வேண்டியது இல்ல.

அந்தச் சரிவு பெங்களூர் மாமாவோட பட்டா. மாமா, நீங்களும் இதைப் படிப்பீங்கன்னு தெரிஞ்சுதான் எழுதுறேன், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க நடும்போது யாருக்கும் இது தெரியாது, எங்க அப்பாவும் அன்னைக்கு நல்ல யோசனைன்னுதான் சொன்னாரு. கன்னிமார் கோயிலுக்கு நேர் மேல இருக்குற ரெண்டு ஏக்கர்ல மட்டும் மரத்தை வெட்டி வித்துக்கங்க, பணம் உங்களுது. திரும்ப அதையே துளிர்க்க விடாதீங்க, தைலம் வெட்டின அடியில இருந்து மறுபடி நாலு கிளை போடும், துளிர் வர வர ஒடிச்சு விட ஊர்ல ரெண்டு ஆளு பாத்துக்குவோம். அந்த இடத்துல நாவல், பலா, கோயில்காட்டுல கிடைக்குற நாத்து வைப்போம். ஒரே நாள்ல மொட்டை அடிக்க வேண்டாம், மழைக்கு மண்ணு சரிஞ்சிரும், பட்டை பட்டையா மூணு வருஷத்துல எடுத்தாப் போதும். மாமா ஒரு வார்த்தை சரின்னு சொன்னா எனக்கு அதுவே பெரிய பலம்.

தொட்டி வேலையில ஒரு எச்சரிக்கை. 2019ல ஒரு கான்ட்ராக்டர் வந்து ஊத்தைச் சீர் பண்றேன்னு கசியுற பாறை முகத்துலயே சிமெண்ட் பூசிட்டுப் போனாரு. தண்ணி வர்ற வழியை அடைச்சா அது வேற வழி பாக்கும், மூணே மாசத்துல இருபது அடி தள்ளிப் பாதைக்கு நடுவுல கசிய ஆரம்பிச்சுச்சு. அந்தப் பூச்சை நம்ம பையன்களே உளி வச்சுப் பேத்து எடுத்த பின்னாடிதான் பாதி திரும்பி வந்துச்சு. அதனால இந்தத் தடவை ஊத்துக்கண்ணை யாரும் தொடக்கூடாது. கண்ணுக்கு முன்னாடி கூழாங்கல்லு போட்டு, அதுக்கு முன்னாடி சின்னதா ஒரு மூடின அறை, அதுல இருந்து குழாய், கீழ 5,000 லிட்டர் தொட்டி ஒண்ணு, அதுல நாலு பைப்பு. ராத்திரித் தண்ணி அம்புட்டும் தொட்டியில நிக்கும், காலையில குடத்தை வச்சா ஒரு நிமிஷத்துல நிறையும். பழைய கல்தொட்டியை விரிசல் அடைச்சு மாட்டுக்கும் காட்டுமாட்டுக்கும் கீழ தள்ளி விட்ருவோம், அதுகளும் நம்ம ஊர்தான்.

அடுத்து கூரை. 1,000 சதுர அடி ஓட்டு வீடோ தகர வீடோ, ஒரு அங்குல மழை பெஞ்சா 2,300 லிட்டருக்கு மேல கூரையில விழுது. ஊத்து ஒரு நாள் முழுக்க ஊருக்கே குடுக்குற தண்ணி கிட்டத்தட்ட ஒரே ஒரு கூரையில விழுது பாருங்க. எல்லாத்தையும் பிடிக்க முடியாது, முக்காவாசி பிடிச்சாலும் ரெண்டு மாட்டுக்கு இருபது நாளைக்கு வரும், ஒரு மாடு நாளைக்கு 40 லிட்டராவது குடிக்குது. கோடை மழை இனிமேத்தான் வரணும், அதுக்குள்ள தகரத்துல தாழ்வாரக் குழாய் அடிச்சிரணும். உங்க உங்க வீட்டுக்கு நீங்களே ஆளு வச்சு அடிங்க, பூட்டிக் கிடக்குற வீட்டுக்கும் அடிங்க, பக்கத்து வீட்டுக்காரங்க பிடிச்சுக்குவாங்க.

தோட்டத்துக்கு எங்க பெரியம்மா செய்றதை எல்லா வீட்லயும் செய்யச் சொல்லிக்கிட்டு இருக்கேன். தார் வெட்டின வாழைமரத்தைக் கிடக்க விடாம முழங்கை நீளத்துக்குத் துண்டு போட்டு, ரெண்டாப் பிளந்து, பிளந்த பக்கத்தைக் கீழ கவுத்து இளம் காப்பிச் செடியைச் சுத்தி வட்டமா வைக்கிறாங்க. மட்டைக்கு உள்ள கண்ணறை கண்ணறையா தண்ணி நிக்குது, அது மூணு வாரம் மெல்ல இறங்குது. மூணாம் வாரம் ஒரு துண்டைப் புரட்டிக் காட்டினாங்க, அடியில மண்ணு கறுப்பா ஈரமா இருக்கு, மண்புழு நெளியுது, ரெண்டடி தள்ளி மண்ணு வெடிச்சுக் கிடக்கு. ஷார்ஜா தம்பி சொட்டு நீர் கேட்டிருந்தான், நல்லதுதான் தம்பி, ஆனா சொட்டுறதுக்கே தண்ணி வேணுமே, அது அடுத்த வருஷம்.

இன்னொண்ணு, இது கொஞ்சம் அவசரம். கைச்செலவுக்குக் காசு இல்லாம சில வீட்ல நிழல் மரத்தை, சில்வர் ஓக்கை, வெட்டி விக்க ஆரம்பிச்சிருக்காங்க, கீழ இருந்து வியாபாரி தினம் வர்றாரு. தயவுசெஞ்சு வீட்டுக்குப் போன் பண்ணும்போது வேண்டாம்னு சொல்லுங்க. அராபிக்கா காப்பிச் செடி மேல வெயில் நேரா அடிச்சா வெள்ளைத் தண்டுத் துளைப்பான்ங்கற பூச்சி ஏறும், அது தண்டுக்குள்ள போயிருச்சுன்னா செடியைப் பிடுங்கி எரிக்கிறதைத் தவிர வேற வழி இல்ல. இந்த வருஷம் காய் போச்சு, சரி, செடியாவது மிஞ்சட்டும். அந்தக் காசை நீங்க அனுப்புங்க, ரெண்டு மாசத்துக்கு வீட்டுச் செலவுக்கு. போருக்குன்னு சொன்ன தொகையில தொட்டி வேலைக்கு மூணுல ஒரு பங்கு போதும்னு கொத்தனார் சொல்றாரு, மிச்சத்தை மாட்டுத் தீவனத்துக்கு வைப்போம், வத்தலக்குண்டுல இருந்து வைக்கோல் ஒரு லோடு ஏத்தினா 38 வீட்டுக்கும் பிரிச்சுக்கலாம். ஏற்கெனவே ஆறு மாடு பாதி விலைக்குப் போயிருச்சு, இனி ஒண்ணும் போகக்கூடாது.

செலவுக் கணக்கு வாராவாரம் இங்கயே போடுறேன், பில்லு படத்தோட.

வர்ற சனிக்கிழமை வேலை ஆரம்பிக்கிறோம். கன்னிமாருக்குப் பொங்கல் வச்சுட்டுத்தான் கல்லைத் தொடணும்னு பெரியம்மா சொல்லிட்டாங்க, ரெண்டு படி அரிசியும் வெல்லமும் அவங்களே எடுத்து வச்சிட்டாங்க. பொங்கலுக்கு வேண்டிய தண்ணியை வெள்ளிக்கிழமை ராத்திரி நானும் சித்தப்பா பையனும் ஊத்துல உக்காந்து பிடிச்சு வைக்கிறோம்.