அடாவில் எழுதிய ராக்கெட்டும் ஐஸ் கம்பெனிக் கணக்கும்

பாம்பன் பழசு:
நேற்று இங்கே ஒரு தம்பி, “இருபது வருஷம் தாங்க வேண்டிய மென்பொருளை அடா, ரஸ்ட் மாதிரி நிரல் மொழியில் எழுதணும்; ஃபாக்ஸ்ப்ரோ மாதிரிப் பழைய மொழி எல்லாம் கருவாடு மடிக்கத்தான் லாயக்கு” என்று எழுதியிருந்தார். படித்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. தங்கச்சிமடத்தில் ஓர் ஐஸ் கம்பெனிக்கு 1997இல் நான் ஃபாக்ஸ்ப்ரோவில் எழுதிய கணக்கு இன்றைக்கும் ஓடுகிறது. எந்தப் படகுக்கு எத்தனை பார் ஐஸ், யார் எவ்வளவு பாக்கி, எல்லாம் அதில்தான். அடாவில் நிரல் எழுதிய ஐரோப்பாவின் அரியான் 5 ராக்கெட் 1996 ஜூன் 4 அன்று 37 விநாடியில் வெடித்தது. எது நம்பகம், நீங்களே சொல்லுங்கள்.

தொண்டித் துரு:
அந்தத் தம்பி நான்தான் அண்ணே. வெடித்தது அடாவால் இல்லை. அரியான் 4க்கு எழுதிய நிரலை அப்படியே தூக்கி 5இல் வைத்தார்கள். புது ராக்கெட்டுக்குக் கிடைமட்ட வேகம் அதிகம். 64 பிட் தசம எண்ணை 16 பிட் முழு எண்ணுக்குள் திணித்தபோது அதன் உச்ச அளவான 32,767ஐத் தாண்டிவிட்டது. தாண்டியதை அடா பிடித்துக் கத்தவும் செய்தது. கத்தினால் என்ன செய்வது என்றுதான் யாரும் எழுதி வைக்கவில்லை. ஏழு மாறிகளில் நாலுக்கு மட்டும் காப்பு போட்டிருந்தார்கள். திசை காட்டும் கருவி நின்றால் உதவ வைத்திருந்த மாற்றுக் கருவியிலும் அதே நிரல், அதுவும் சேர்ந்து படுத்தது.

பாம்பன் பழசு:
இவ்வளவு நீளம் எதற்கு? அடாவில் எழுதியது. வெடித்தது. அதிலும் அந்தக் கணக்கு, ராக்கெட் கிளம்பிய பிறகு எதற்குமே தேவைப்படாத கணக்கு. உங்கள் அடா வாயை மூடிக்கொண்டிருந்தால் ராக்கெட் போய்ச் சேர்ந்திருக்கும்.

கீழக்கரைக் காக்கா:
37 இல்லை, 40. 37இல் நின்றது திசை காட்டும் கருவி. ராக்கெட் உடைந்தது 40 வாக்கில். அப்புறம், என் ஓட்டு ‘சி’ மொழிக்கு. நம் எல்லார் போனிலும் இருக்கும் எஸ்கியூலைட் என்ற தரவுத்தள நிரல் சியில் எழுதியது. 2050 வரை பராமரிப்பதாகத் திட்டம் வைத்திருக்கிறார்கள்.

தொண்டித் துரு:
2014இல் வெளிவந்த ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டையும் சியில்தான் இருந்தது காக்கா.

பாம்பன் பழசு:
37 என்றால் 37தான். பேச்சை மாற்ற வேண்டாம். ரஸ்ட் என்றால் துரு. உப்புக் காற்று ஊரில் துருவை விலை கொடுத்து வாங்குகிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன்.

தொண்டித் துரு:
இரும்புத் துரு இல்லை அண்ணே, பயிரில் வருகிற துரு நோய்க் காளான். லேசில் சாகாது என்றுதான் அந்தப் பேர்.

பாம்பன் பழசு:
நோயின் பேரா! ரொம்ப நல்லது.

தொண்டித் துரு:
சரி, உங்கள் கணக்கைப் பேசலாம். என் சித்தப்பா 2000 ஜனவரியில் கட்டிய பணம் 1900இல் போய் உட்கார்ந்துகொண்டது. தை முழுக்க அவர் பேர் பாக்கிப் பட்டியலில் நின்றது. ஏலக் கூடத்தில் நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டார்கள். அந்த மனுஷர் இன்றுவரை அந்தக் கம்பெனி ஐஸை ஏற்றுவதில்லை.

பாம்பன் பழசு:
அது ஃபாக்ஸ்ப்ரோவின் தப்பு இல்லை. வருஷத்தை நாலு இலக்கமாக வாங்கும்படி நான் எழுதாமல் விட்டது.

தொண்டித் துரு:
அரியானைப் பற்றி நானும் அதைத்தானே சொன்னேன்!

பாம்பன் பழசு:
அது வேறு. அது வெடித்தது.

மண்டபம் மாப்பிள்ளை:
‘ஓடுகிறது’ என்றால் என்ன அண்ணே? மீன்பிடித் தடைக்காலம் 61 நாளும் அந்தப் பெட்டி துண்டு போர்த்திக்கொண்டு தூங்குகிறது. 64 பிட் விண்டோஸில் அந்தப் பழைய டாஸ் காலத்து நிரல் ஏறாது என்று விண்டோஸ் எக்ஸ்பி பெட்டியைக் கட்டி அழுகிறார்கள். போன வருஷம் மதர்போர்டு தேடி மதுரை வரை போனவன் நான். பஸ் காசு இன்னும் வரவில்லை.

பாம்பன் பழசு:
பஸ் காசை இங்கே ஏன் இழுக்கிறாய்? மதர்போர்டு மூன்று மாறியிருக்கிறது, நிரல் ஒரு வரி மாறவில்லை. பாம்பன் பாலம் 1914இல் கட்டியது. 2022 வரை ரயில் போனது. பழசு என்று யாராவது இறங்கி நடந்தார்களா?

கீழக்கரைக் காக்கா:
1964 புயலில் பாலம் பிய்ந்து, ரயில்வே பொறியாளர் ஸ்ரீதரன் 46 நாளில் சரிசெய்தாரே, அது கணக்கில் வராதா? உங்கள் நிரலை உங்களைத் தவிர யார் சரிசெய்வார்கள்?

பாம்பன் பழசு:
நான் இருக்கிறேனே.

தொண்டித் துரு:
அதைத்தான் நானும் யோசிக்கிறேன்.

பாம்பன் பழசு:
வாய் நீளுது தம்பி. தொண்டிப் பக்கம் நீங்கள் எழுதியது எது பத்து வருஷம் நின்றது? ஒன்று காட்டுங்கள். ரஸ்ட்டின் முதல் நிலையான பதிப்பே 2015இல்தான் வந்தது. என் கணக்குக்கு அப்போது பதினெட்டு வயது, ஓட்டு போட்டிருக்கும். இதுதான் என் கடைசிப் பதிவு.

மண்டபம் மாப்பிள்ளை:
பஸ் காசு?

பாம்பன் பழசு:
அடாவில் எழுதியது வெடித்தது. 37 விநாடி.

கீழக்கரைக் காக்கா:
40.