ஜாக்கெட்டுக்கு அடியில் கம்ப்ரஷன் பனியன்: ஏன் கூடாது?

மன்னை ரைபிள்:
போன மாசம் வெளி மாவட்டத்துல ஒரு துப்பாக்கி சுடுற போட்டி, 10 மீட்டர் ஏர் ரைபிள். உடை சோதனையில என் ஜாக்கெட்டும் பேன்ட்டும் பாஸ். அடியில போட்டிருந்த கம்ப்ரஷன் பனியனை, அதான் உடம்போட இறுக்கி ஒட்டுற பனியனை, பார்த்ததும் "இதைக் கழட்டிட்டு வாம்மா"ன்னு சொல்லிட்டாங்க. துணைக்கு வந்த அண்ணன்கிட்ட இருந்த காட்டன் பனியனை வாங்கி மாத்திக்கிட்டு சுடுற இடத்துக்குப் போனேன். பத்து ஷாட்டுக்குள்ள வேர்வையில நனைஞ்சு, ரைபிளைத் தாங்குற இடது முழங்கை இடுப்பெலும்புல உட்கார்ற இடத்துல சுருண்டு மடிஞ்சிடுச்சு. ஒவ்வொரு ஷாட்டுக்கும் முழங்கை வேற வேற இடத்துல உட்காருது. டெல்டா புழுக்கத்துல பழகுற எல்லாருக்கும் இது தெரியும்.

என் கேள்வி இதுதான். உடம்பைத் தாங்குறதுக்குன்னே தைச்ச கேன்வாஸ் ஜாக்கெட்டுக்கு அனுமதி இருக்கு. அது பல பத்தாயிரம் ரூபாய். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிற பனியனுக்குத் தடையா?

குடந்தை கோச்:
பாப்பா, உன் வருத்தம் புரியுது. ஆனா சோதனையில இருந்தவங்க தப்பு பண்ணல. கால், உடம்பு, கை அசைவை முடக்குற, அளவுக்கு மீறிக் குறைக்குற உடை எதுவும் கூடாதுன்னு ஐ.எஸ்.எஸ்.எஃப். (சர்வதேச துப்பாக்கி சுடுதல் சம்மேளனம்) விதி சொல்லுது. ஜாக்கெட்டுக்குக் கூட எத்தனை கட்டுப்பாடு பாரு. துணி ஒத்தையா 2.5 மி.மீ., ரெட்டையா 5 மி.மீ. தாண்டக்கூடாது. விறைப்பை அளக்குற கருவியில வச்சு அழுத்தினா துணி குறைஞ்சது 3 மி.மீ. அமுங்கணும். உடம்பை இறுக்கவும் கூடாது, பட்டன் போடுற இடத்தைத் தாண்டி இன்னும் 100 மி.மீ. இழுத்து மூட முடியணும். ஜாக்கெட்டையே தொளதொளன்னு இருக்கச் சொல்ற விதி, அதுக்கு அடியில உடம்பைக் கவ்விப் பிடிக்கிற துணியை எப்படி விடும்?

மன்னை ரைபிள்:
சார், அதே விதிதான் சாதாரண உள்ளாடையும் பயிற்சி உடையும் அடியில போடலாம்னும் சொல்லுது. எங்க ஊர் கிரவுண்டுல ஓடுற பசங்க பாதிப் பேர் இந்தப் பனியன்தான் போடுறாங்க. அப்போ இது பயிற்சி உடை இல்லையா? தடிமன் 1 மி.மீ. கூட வராது. கையை மேல தூக்கினா தடையில்லாமப் போகுது. இதுல எந்த அசைவு முடங்குது?

திருவாரூர் பிஸ்டல்:
நான் ஏர் பிஸ்டல். எங்களுக்கு ஜாக்கெட்டும் கிடையாது, விறைப்பான பேன்ட்டும் கிடையாது. கணுக்கால் எலும்பை மூடாத ஷூதான் போடணும். பிஸ்டல் பிடிக்கிற கையில வாட்ச் கூட கட்டக்கூடாது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்ல துருக்கியோட யூசுஃப் டிகெச் ஒரு கையை பேன்ட் பாக்கெட்டுல விட்டுக்கிட்டு, சாதாரண டி-ஷர்ட்டோட கலப்பு இரட்டையர்ல வெள்ளி வாங்கினதை எல்லாரும் பார்த்தோம். உடம்பைப் பழக்கினா போதும். துணி எதுக்கு?

மன்னை ரைபிள்:
அண்ணே, பிஸ்டலையும் ரைபிளையும் ஒரே தட்டுல வைக்காதீங்க. உங்க டார்கெட்டோட நடுவுல இருக்குற 10 வளையம் 11.5 மி.மீ. அகலம், எங்களுக்கு 0.5 மி.மீ., பேனா முனையில வச்ச புள்ளி மாதிரி. உங்க பிஸ்டல் ஒன்றரை கிலோவுக்குள்ள. ரைபிள் 5.5 கிலோ வரைக்கும் போகும், அதை இடுப்பைத் தள்ளி, முதுகைப் பின்னால சாய்ச்சு, 75 நிமிஷத்துல 60 ஷாட் நின்னு சுடணும். பதினாறு வயசுல முதுகு வலியோட பஸ்ல திருச்சிக்குப் போய் பயிற்சி எடுத்துட்டு வந்தவ நான்.

தஞ்சை பிசியோ:
நான் போட்டிக்காரி இல்ல, துப்பாக்கி சுடுறவங்களுக்கு சிகிச்சை பண்ணியிருக்கேன். இறுக்கமான துணி தசையைத் தூக்கிப் பிடிக்கிறதை விட, தோலுக்குத் தொடர்ந்து ஒரு தொடு உணர்வைக் கொடுக்குது. மூட்டு எந்த இடத்துல இருக்குன்னு மூளைக்குத் தெரிய அது கொஞ்சம் உதவலாம். ஆனா நிக்கும்போது ஆட்டம் குறையுதான்னு பார்த்த ஆய்வுகள் ஒரே பதிலைச் சொல்லல. சிலருக்குக் குறையுது, நல்லா பழகினவங்களுக்குப் பெருசா வித்தியாசம் தெரியல.

ரெண்டு விஷயம் சொல்றேன் தங்கச்சி. மார்பைச் சுத்தி இறுக்கினா மூச்சு பாதிக்கும். மூச்சு விட்டு நிறுத்தற அந்தச் சில நொடியிலதான் நீங்க ட்ரிகர் அமுக்குறீங்க. அப்புறம், முதுகு வலிக்குப் பனியன் மருந்து இல்ல. வயித்துத் தசைக்கும் இடுப்புக்கும் வாரம் மூணு நாள் பயிற்சி பண்ணு.

மன்னை ரைபிள்:
பண்றேன் அக்கா. ஆனா நீங்க சொல்றதை வச்சே கேக்குறேன். பெரிய பலன்னு நிரூபணமே இல்லேன்னா எதுக்குத் தடை?

குடந்தை கோச்:
அளக்க முடியாதுங்கிறதால. இதைக் கொஞ்சம் நிதானமா படி. ஜாக்கெட்டைக் கழட்டி மேசையில வச்சு அளக்கலாம், கருவியில எண் வரும், சண்டை இல்ல. கம்ப்ரஷன் துணியை மேசையில வச்சா வெறும் மெல்லிசுத் துணிதான். அது வேலை செய்யறதே உடம்புல ஏறினப்புறம். ஒரு சைஸ் சின்னதா வாங்கினா இறுக்கம் மாறும். ஒண்ணு மேல ஒண்ணா ரெண்டு போட்டா? முதுகுப் பக்கம் மட்டும் பட்டை வச்சு நெய்ஞ்சா? சோதனை மேசையில உட்கார்ந்தவர் எதை வச்சு இது பயிற்சி உடை, இது தாங்கு உடைன்னு பிரிப்பார்?

நீச்சல்ல என்ன ஆச்சுன்னு பாரு. 2008, 2009ல உடம்பு முழுக்க இறுக்குற புது நீச்சலுடை வந்து உலக சாதனையெல்லாம் வரிசையா உடைஞ்சுது. கடைசியில 2010லேருந்து அதைத் தடை பண்ண வேண்டியதாப் போச்சு. நீ விலையைப் பேசினே. இன்னைக்குச் சில நூறு. அனுமதின்னு ஒரு வரி வந்துட்டா நாளைக்கு இதுலயும் வெளிநாட்டுக் கம்பெனி பல ஆயிரத்துக்கு ஒண்ணைக் கொண்டு வரும். அப்போ அதையும் வாங்க முடியாம நிக்கப் போறது மன்னார்குடிப் பிள்ளையும் வேதாரண்யம் பிள்ளையும்தான். என்கிட்ட பழகுறவங்கள்ல பாதிப் பேர் இரவல் ஜாக்கெட்.

மன்னை ரைபிள்:
அளக்க முடியாதுன்னு சொன்னது எனக்கு உறைக்குது சார். அதுக்கு என்கிட்ட பதில் இல்ல. ஆனா விதி தெளிவா எழுதியிருக்கலாம். "கம்ப்ரஷன் துணி கூடாது"ன்னு ஒரு வரி போதும். சோதனை மேசைக்கு மேசை ஒவ்வொருத்தர் ஒவ்வொரு மாதிரி பார்க்கிறாங்க. இதே பனியனோட அதுக்கு முன்னாடி ரெண்டு போட்டி சுட்டிருக்கேன், யாரும் கேக்கல. மூணாவதுல போட்டிக்கு இருபது நிமிஷம் இருக்கும்போது கழட்டச் சொன்னா மனசு எங்க நிக்கும்?

குடந்தை கோச்:
அது நியாயம். அதுல நான் உன் பக்கம். பயிற்சியாளர் எல்லாரும் சேர்ந்து எழுதிக் கேக்கலாம், வரைவு நான் போடுறேன்.

தஞ்சை பிசியோ:
பனியன் சுருள்றதுக்கு ஒரு வழி சொல்றேன். பக்கவாட்டுத் தையல் இல்லாத மெல்லிசுக் காட்டன், உடம்போட ஒட்டி, ஆனா இறுக்காத அளவு. நீளமா வாங்கி பேன்ட்டுக்குள்ள நல்லா விட்டுக்கோ. முழங்கை உட்கார்ற இடத்துல மடிப்பு வராது. திருப்பூர்ல தைச்சது தஞ்சாவூர்க் கடைகள்லயே கிடைக்குது.

மன்னை ரைபிள்:
ஞாயித்துக்கிழமை அதைப் போட்டுக்கிட்டு 20 ஷாட், கம்ப்ரஷனோட 20 ஷாட் சுடப் போறேன். எது எதுன்னு சொல்லாம அண்ணன் கையில டார்கெட்டைக் கொடுத்து எண்ணச் சொல்றேன். எப்படி வந்தாலும் இங்கேயே போடுறேன்.