ஐந்து வளைய ரெசிஸ்டரும் ஒரு ராத்திரிப் புகையும்

பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவர்களுக்கு 'பிபி ராய்' மறந்திருக்காது. ரெசிஸ்டரின் (மின்தடையின்) நிற வளையங்களை எண்ணாகப் படிக்க, ஆங்கில நிறப்பெயர்களின் முதலெழுத்துகளைக் கோத்த வாய்ப்பாடு அது. கறுப்பு 0, பழுப்பு 1, சிவப்பு 2 என்று வெள்ளை 9 வரை அந்த ராயை வைத்துத்தான் மனப்பாடம் செய்தோம். மஞ்சள், ஊதா, சிவப்பு, தங்கம் என்றால் தூக்கத்தில் எழுப்பினாலும் 4.7 கே, அதாவது 4,700 ஓம் என்பேன். அந்தத் தெனாவட்டுதான் என்னைக் கவிழ்த்தது.

மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி நிரம்பியதும் பஸ்ஸர் அடிக்க ஒரு சின்ன சர்க்யூட் போட்டேன். 12 வோல்ட் அடாப்டர், தண்ணீர் மட்டம் ஏறினால் மூடிக்கொள்ளும் ஒரு ஃப்ளோட் ஸ்விட்ச், புல்-அப்புக்கு (ஸ்விட்ச் திறந்திருக்கும்போது சிக்னலை 12 வோல்ட்டில் பிடித்து வைக்க) ஒரு 10 கே ரெசிஸ்டர். சென்னையின் எலெக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவில் வாங்கி வந்த ரெசிஸ்டர்கள் எல்லாம் ஒரே டப்பாவில் கலந்து கிடந்தன, என் சோம்பேறித்தனம். நீல உடம்பு, ஐந்து வளையம்: பழுப்பு, கறுப்பு, கறுப்பு, சிவப்பு, பழுப்பு. முதல் மூன்றும் இலக்கங்கள், நான்காவது பெருக்கும் எண், கடைசியது எத்தனை சதவீதம் கூடலாம் குறையலாம் என்பது. ஆக 100 பெருக்கல் 100, அதாவது 10 கே, ஒரு சதவீதம். சால்டர் வைத்து மூடிவிட்டேன்.

சாயங்காலம் வரை ஒன்றும் இல்லை. ராத்திரி தொட்டி நிரம்பி ஸ்விட்ச் மூடியதும் பஸ்ஸர் அடிப்பதற்கு முன்பே கருகல் வாடை வந்தது. அதே காகிதப் பட்டையில் ஒட்டியிருந்த அடுத்த ரெசிஸ்டரை மல்டிமீட்டரில் வைத்தால் 119.6 ஓம்!

நான் தலைகீழாகப் படித்திருக்கிறேன். மறுமுனையிலிருந்து பார்த்தால் பழுப்பு, சிவப்பு, கறுப்பு, கறுப்பு, பழுப்பு: 120 பெருக்கல் 1, அதாவது 120 ஓம். 12 வோல்ட்டில் 100 மில்லி ஆம்பியர், 1.2 வாட். பாவம், அது கால் வாட் மட்டுமே தாங்கும் ரெசிஸ்டர்.

நான்கு வளையத்தில் இந்தத் தப்பு வராது. தங்கமோ வெள்ளியோ இலக்கமாக முதலில் வராது என்பதால் எந்தப் பக்கம் தொடக்கம் என்று தெரிந்துவிடும். ஒரு சதவீத ரெசிஸ்டரில் கடைசி வளையமும் பழுப்பு. முதல் வளையமும் பழுப்பாக இருந்துவிட்டால் போச்சு. இரண்டு பக்கமும் கடையில் கிடைக்கிற மதிப்பாகவே வந்ததால் எனக்குச் சந்தேகமே எழவில்லை. கடைசி வளையத்துக்கு முன் இடைவெளி கொஞ்சம் அதிகம் இருக்கும் என்பார்கள். அரிசி நீளத் துண்டில் அது என் கண்ணுக்குத் தெரிந்ததில்லை.

இப்போதெல்லாம் மீட்டரில் வைக்காமல் எதையும் சால்டர் செய்வதில்லை. போர்டில் ஏற்கெனவே இருப்பதென்றால் ஒரு காலையாவது கழற்றிவிட்டு அளக்கிறேன். இல்லாவிட்டால் பக்கத்துப் பாகங்கள் வழியாகவும் கரண்ட் ஓடி, மதிப்பைக் குறைத்துக் காட்டும்.

அப்புறம் ஒரு சந்தேகம். நீல உடம்பில் பழுப்பையும் சிவப்பையும் மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் பிரித்துப் பார்ப்பவர்கள் இங்கே யாராவது இருக்கிறீர்களா?