தெருக் குழுவில் ஒரு தையல் பஞ்சாயத்து

குழு: மூன்றாவது குறுக்குத் தெரு குடும்பங்கள்

கவிதா: தையல் மெஷின் தெரிந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? அம்மாவின் பழைய நூல் சேலைகளை அடுக்கி, தங்கை குழந்தைக்கு ஒரு விரிப்பு தைக்கிறேன். மேலே தையல் ஒழுங்காக விழுகிறது. அடியில் பார்த்தால் இப்படி.

கவிதா: [படம்]

ரமணி ஆன்ட்டி: ஐயோ, குருவிக்கூடு மாதிரி இருக்கிறதே!

ரமணி ஆன்ட்டி: அடியில்தானே சிக்கு? அடிநூல் சுற்றிய பாபின் உட்காருகிறதே, அந்த பாபின் கேஸில் இருக்கிற திருகை இறுக்கு. சரியாகிவிடும்.

மல்லிகா அக்கா: திருகைத் தொடாதே கவிதா. அடியில் சிக்கு விழுந்தால் பெரும்பாலும் மேல் நூலில்தான் கோளாறு. நூல் கோக்கும்போது, துணியை அழுத்துகிற மெஷின் பாதத்தைத் தூக்கி வைத்திருந்தாயா?

கவிதா: இல்லை அக்கா, இறங்கித்தான் இருந்தது. அதற்கும் இதற்கும் என்ன?

மல்லிகா அக்கா: பாதம் இறங்கியிருந்தால், மேல் நூலைப் பிடித்துக்கொள்கிற டென்ஷன் தட்டு இரண்டும் இறுகிக் கிடக்கும். நூல் நடுவில் போய் உட்காராது. பிடிமானம் இல்லாத நூல் இஷ்டத்துக்கு இறங்கி, மேலே இழுபடாமல் அடியிலேயே சுருண்டுகொள்ளும். பாதத்தைத் தூக்கிவிட்டு, நூலை முழுக்க உருவி மறுபடி கோத்துப் பார். மேலும் கீழும் போய் வருகிற கொக்கியின் ஓட்டையில் நூல் நுழைந்திருக்கிறதா என்பதையும் கவனி. பாதிப் பேர் அதைத்தான் விடுவார்கள்.

மல்லிகா அக்கா: அப்புறம், சிக்கிய துணியைப் பிடித்து இழுத்துவிடாதே, ஊசி வளையும். சக்கரத்தைக் கையால் சுற்றி ஊசியை மேலே ஏற்று. அடியில் இருக்கிற நூலைக் கத்தரித்துவிட்டு எடு.

செந்தில்: தண்ணீர் லாரி முனைக்கு வந்துவிட்டது. குடத்தோடு வாருங்கள்.

ரமணி ஆன்ட்டி: அப்போ பாபின் கேஸ் திருகு எதற்குத்தான் இருக்கிறது மல்லிகா?

மல்லிகா அக்கா: அதற்கும் வேலை உண்டு. பாபினைக் கேஸில் போட்டு, நூல் நுனியைப் பிடித்துத் தொங்கவிடுங்கள். சும்மா பிடித்தால் அப்படியே நிற்க வேண்டும். லேசாக ஒருமுறை சுண்டினால் கொஞ்சம் இறங்கி நின்றுவிட வேண்டும். சரசரவென்று இறங்கினால் தளர்வு. அசையவே இல்லை என்றால் இறுக்கம். திருப்புவதென்றாலும் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம்.

கவிதா: அக்கா, சிக்கு போய்விட்டது!! ஆனால் நடுநடுவே தையல் விட்டு விட்டு விழுகிறது.

மல்லிகா அக்கா: ஊசி என்ன நம்பர்?

கவிதா: 11.

மல்லிகா அக்கா: அது பட்டுக்கும் மெல்லிய துணிக்கும். நூல் பிளவுஸுக்கு 14. இத்தனை மடிப்புக்கு 16 போடு. மாட்டும்போது ஊசித் தண்டின் தட்டைப் பக்கம் எங்கே இருக்கிறது என்று பார். அதற்கு எதிர்ப்பக்கத்தில் நீளமாக ஒரு பள்ளம் ஓடும். நூல் அந்தப் பள்ளத்துப் பக்கமிருந்துதான் காதுக்குள் நுழைய வேண்டும். பழைய ஊசியாக இருந்தால் நுனியை நகத்தின்மேல் இழுத்துப் பார். கீறினால் தூக்கிப் போடு.

ரமணி ஆன்ட்டி: என் ஊசியெல்லாம் முறிந்தால்தான் மாற்றுவேன் 😄

கவிதா: [படம்]

கவிதா: அடிச்சேலை மட்டும் சுருக்கம் சுருக்கமாக மடிந்து தைபட்டிருக்கிறது. முழுக்கப் பிரிக்க வேண்டுமா?

மல்லிகா அக்கா: சுருங்கிய வரிகளை மட்டும் பிரி. ஓரத்திலிருந்து ஆரம்பித்திருக்கிறாய், அதனால்தான். அடித்துணியைத் தரையில் இழுத்து விரித்து, மற்றதை மேலே அடுக்கி, கையால் நான்கு விரல் இடைவெளியில் பெரிது பெரிதாக நூலோட்டு. பிறகு மெஷினில் நடு வரியை முதலில் அடி. அங்கிருந்து இரண்டு ஓரத்துக்கும் போ. துணி வெளியே தள்ளிக்கொண்டு போகட்டும், நடுவில் மாட்டக் கூடாது. தையல் நீளம் 3 மில்லிமீட்டருக்குக் குறையாமல் வை.

கவிதா: பிரித்தால் துணி கிழியுமோ என்று பயம். பழைய சேலை.

பாத்திமா: ஒரு பக்கத்தில் நாலைந்து தையலுக்கு ஒன்றாக வெட்டிக்கொண்டே போங்க. திருப்பி மறுபக்கத்து நூலை இழுத்தால் அப்படியே நீளமாக வந்துவிடும். சேலை ஃபால்ஸ் எல்லாம் நான் அப்படித்தான் பிரிப்பேன். பிளேடு வேண்டாம், தையல் பிரிக்கிற ரிப்பர் வாங்கிக்கோங்க.

ரமணி ஆன்ட்டி: ஃபால்ஸ் என்றதும் ஞாபகம் வந்தது பாத்திமா. என் புதுச் சேலை ஒரே துவையலில் கீழே சுருட்டிக்கொண்டது. பிளவுஸும் உள்ளே லைனிங் இழுத்துத் தொப்புளுக்கு மேலே போய்விட்டது.

பாத்திமா: ரெண்டுக்கும் ஒரே காரணம்தான் ஆன்ட்டி. ஃபால்ஸும் லைனிங்கும் நூல் துணி. நனைத்துக் காயவைக்காமல் தைத்திருக்கிறார்கள். ஃபால்ஸைப் பிரித்து, நன்றாக அயர்ன் பண்ணி, இழுக்காமல் கையால் திரும்ப அடித்தால் சேலை தப்பிக்கும். கொடுத்தனுப்புங்க.

மல்லிகா அக்கா: பிளவுஸுக்குக் கீழ் மடிப்பைப் பிரித்து, லைனிங்கைத் தனியாக விட்டு, அது குறைகிற அளவுக்கு ஒரு பட்டி சேர்க்கலாம். அகலத்திலும் பிடித்தால் பிரித்துவிட, பக்கத் தையலில் உள்ளே துணி விட்டிருக்கிறார்களா?

ரமணி ஆன்ட்டி: ஒரு நூல்கூட விடவில்லை 😡

மல்லிகா அக்கா: அப்போ அக்குளில் துண்டு வைத்துத்தான் ஆக வேண்டும். கையைத் தூக்கினால்தான் தெரியும், யாரும் பார்க்க மாட்டார்கள்.

கவிதா: விரலில் குத்திவிட்டது. வெள்ளைப் பகுதியில் ரத்தம்!

மல்லிகா அக்கா: வெந்நீர் ஊற்றிவிடாதே, கறை பிடித்துக்கொள்ளும். வெள்ளை நூலைச் சிறிது உருண்டையாக்கி, உன் எச்சிலில் நனைத்து ஒற்றி எடு. அப்புறம் பச்சைத் தண்ணீர்.

செந்தில்: எச்சிலா? 🙄

மல்லிகா அக்கா: சிரிக்காதீர்கள் தம்பி, சின்னப் பொட்டுக்கு அது கைகண்ட வைத்தியம்.

மல்லிகா அக்கா: கவிதா, படத்தில் அரக்கு பார்டர் தெரிகிறதே. அதன் ஓரத்தை நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பார்த்தாயா? சாயம் ஒட்டினால் இப்போதே வெட்டி எறி. துவைத்த பிறகு தெரிந்தால் உலரவிடாதே. ஈரமாக இருக்கும்போதே நிறையத் தண்ணீரில் சோப்புப் போட்டு, தண்ணீர் தெளிகிற வரைக்கும் மாற்றி மாற்றி ஊறவை. காய்ந்துவிட்டால் எடுப்பது கஷ்டம்.

கவிதா: ஒட்டவில்லை அக்கா, பார்த்துவிட்டேன். நடுவிலிருந்து அடித்தேன், இப்போது சுருக்கமே இல்லை.

கவிதா: [படம்]

பாத்திமா: அழகு! 👏

மல்லிகா அக்கா: நன்றாக வந்திருக்கிறது. ஆனால் வலது மூலையில் பளபளவென்று ஒன்று தெரிகிறதே, குண்டூசியா?

கவிதா: ஐயோ ஆமாம். எத்தனை குத்தினேன் என்று எண்ணவே இல்லை.

மல்லிகா அக்கா: குழந்தை படுக்கிற விரிப்பு. காந்தம் வைத்து முழுக்கத் தடவி எடு. அப்புறம் கையால் ஒவ்வொரு வரியாக அழுத்திப் பார்.

செந்தில்: பழைய ஸ்பீக்கர் காந்தம் வீட்டில் கிடக்கிறது. பையனிடம் கொடுத்தனுப்புகிறேன்.