பழைய ஆம்னி வேன் ஸ்டார்ட் ஆகவில்லை, அவசர உதவி தேவை

அல்சூர்க்காரன்:
வணக்கம். எங்கள் வேன் திங்கட்கிழமையிலிருந்து ஸ்டார்ட் ஆகவில்லை. பேட்டரி புதியது. வெள்ளிக்கிழமை விடியற்காலையில் அம்மாவைக் கிருஷ்ணகிரிக்கு அழைத்துச் சென்றாக வேண்டும். தெரிந்தவர்கள் விரைந்து வழி சொல்லுங்கள்.

விவேக்நகர் வாசி:
எந்த வேன், எந்த ஆண்டு என்று சொல்லவில்லையே? சாவியைத் திருப்பும்போது ஒரே ஒரு ‘டக்’ கேட்கிறதா, ‘டக் டக் டக்’ என்று தொடர்ந்து அடிக்கிறதா, அல்லது ஓசையே இல்லையா? தொடர்ந்து அடித்தால் பெரும்பாலும் பேட்டரி பலவீனமாக இருக்கும். ஓசையே இல்லையென்றால் சாவி சுவிட்சிலிருந்து, எஞ்சினைச் சுழற்றிக் கிளப்பும் செல்ஃப் மோட்டாருக்குச் செல்லும் சிறு ஒயரைப் பார்க்க வேண்டும்.

மூத்த மெக்கானிக்:
இதற்கு இவ்வளவு கேள்விகள் தேவையில்லை. செல்ஃப் மோட்டாருக்குள் மின்சாரத்தைக் கடத்தும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும், கழற்றி மாற்றுங்கள். முப்பது ஆண்டுகளாக இதே வேலையைச் செய்கிறேன். மின்சுற்றின் அடிப்படையைக்கூட அறியாதவர்கள் ஊகம் சொல்வதைத் தவிர்க்கலாம்.

அல்சூர்க்காரன்:
1998 ஆம்னி, கார்புரேட்டர் வண்டி. ஒரே ஒரு ‘டக்’, அதற்குமேல் அசைவில்லை. முகப்பு விளக்குகள் நன்றாகவே எரிகின்றன.

சிவாஜிநகர் அன்பர்:
தம்பி, நான்கு பேரை வைத்துத் தள்ளி, இரண்டாம் கியரில் கிளட்சை விடுங்கள், எஞ்சின் பிடித்துக்கொள்ளும். ஊருக்குப் போய் வந்தபின் நிதானமாகப் பார்க்கலாம்.

மூத்த மெக்கானிக்:
தள்ளி ஸ்டார்ட் செய்வது வண்டியைக் கெடுக்கும் பழக்கம். எரியாத பெட்ரோல் புகைக்குழாய்க்குள் போய், புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைப் பாழாக்கும்.

சிவாஜிநகர் அன்பர்:
ஐயா, அது கன்வெர்ட்டர் உள்ள வண்டிகளுக்குப் பொருந்தும். இது கார்புரேட்டர் வண்டி என்று அவரே சொல்லிவிட்டார். கன்வெர்ட்டர் இருக்கிறதா என்று பார்க்காமல் பயமுறுத்துவது சரியல்ல.

விவேக்நகர் வாசி:
இருவரும் பொறுங்கள். பெட்ரோலை எரிக்கும் தீப்பொறிக்கான இக்னிஷன் காயிலுக்குச் சில ஆம்பியர் போதும், செல்ஃப் மோட்டாருக்கோ நூறு ஆம்பியருக்கும் மேல் வேண்டும். ஆகவே தள்ளினால் வண்டி ஓடக்கூடும், ஆனால் பழுது மறைந்தே இருக்கும். ஓசூர்ச் சாலையில் எங்காவது எஞ்சினை நிறுத்தினால் அம்மாவுடன் அங்கேயே நிற்க வேண்டியதுதான். அண்மையில் வண்டியில் ஏதேனும் வேலை நடந்ததா? சாவியைத் திருப்பும்போது எங்காவது சூடாகிறதா, கருகல் வாசனை வருகிறதா?

அல்சூர்க்காரன்:
போன வாரம் ஓர் ஒர்க்‌ஷாப்பில் கியர்பாக்ஸை இறக்கிக் கிளட்ச் பிளேட் மாற்றினோம். அதற்கும் இதற்கும் தொடர்பிருக்கும் என்று நினைக்கவில்லை. நீங்கள் கேட்டபின் தொட்டுப் பார்த்தேன்; கிளட்ச் கேபிள் கை வைக்க முடியாத அளவு சுடுகிறது.

விவேக்நகர் வாசி:
அதுதான் துப்பு. எஞ்சின் ரப்பர் மவுண்டிங்குகளின்மேல் உட்கார்ந்திருப்பதால், பேட்டரியின் மைனஸ் முனைக்கு மின்னோட்டம் திரும்பிச் செல்ல தடித்த எர்த் ஒயர் வேண்டும். கியர்பாக்ஸை இறக்கியவர்கள் அதைச் சரியாக முடுக்காமல் விட்டிருந்தால், மின்னோட்டம் கிளட்ச் கேபிளின் இரும்புக் கம்பி வழியாகத் திரும்ப முயலும். அதனால்தான் கேபிள் சுடுகிறது. வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரின் ஒரு முனையை எஞ்சின் உலோகத்திலும் மறுமுனையை பேட்டரியின் மைனஸ் முனையிலும் வையுங்கள். வேறொருவர் சாவியைத் திருப்பும்போது 0.2 வோல்ட்டுக்குள் காட்டினால் எர்த்தில் குற்றமில்லை. கியரை நியூட்ரலில் போட்டு, கை பிரேக்கை இழுத்துவிட்டுச் செய்யுங்கள். கேபிள் கருகும் என்பதால் இரண்டு நொடிக்குமேல் திருப்ப வேண்டாம்.

அல்சூர்க்காரன்:
9 வோல்ட் காட்டியது. பேட்டரி முனைகளுக்கிடையில் 12 இருந்தது.

மூத்த மெக்கானிக்:
அப்படியானால் எர்த்தான். கிளட்ச் வேலை நடந்ததை முதலிலேயே எழுதியிருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். துருவையும் பெயிண்டையும் உப்புத்தாளால் தேய்த்து, உலோகம் பளபளத்தபின் போல்ட்டை முடுக்குங்கள்.

அல்சூர்க்காரன்:
ஒயரின் ஒரு முனை கியர்பாக்ஸ் போல்ட்டில் தளர்ந்து, கருகிக் கிடந்தது. ஜே.சி. ரோட்டில் புதியது வாங்கிப் பொருத்தினேன். முதல் சாவியிலேயே எஞ்சின் எழுந்தது. அனைவருக்கும் நன்றி.

விவேக்நகர் வாசி:
மகிழ்ச்சி. ஆனால் சூடேறிய கிளட்ச் கேபிளின் உள்ளுறை உருகியிருக்கலாம். நாளை புறப்படுவதற்குமுன் பெடல் இறுக்கமில்லாமல் முழுவதும் திரும்புகிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

சிவாஜிநகர் அன்பர்:
தம்பி, பார்த்தீர்களா?