பாதக் களிம்பு ரவைபோலக் குறுணை கட்டுகிறது: வழி சொல்லுங்கள்

வணக்கம். கோத்தகிரியில் வசிக்கும் நான், குளிரில் வெடித்துப்போகும் அம்மாவின் குதிகால்களுக்காக வீட்டிலேயே ஒரு களிம்பு செய்துவருகிறேன். நவம்பரிலிருந்து மூன்று முறை செய்தும், ஒவ்வொரு முறையும் பத்து நாள்களுக்குள் அது ரவைபோலக் குறுணை கட்டிவிட்டது. கெட்ட வாடையோ பூஞ்சையோ இல்லை.

தேங்காயெண்ணெய் 80 கிராம், ஷியா வெண்ணெய் (ஷியா மரக்கொட்டையிலிருந்து எடுக்கும் கெட்டிக் கொழுப்பு) 20 கிராம், தேன்மெழுகு 20 கிராம் என்பது என் அளவு. நிழலில் நன்றாகக் காய்ந்த ரோஸ்மேரியை எண்ணெயில் இரண்டு வாரம் ஊறவைத்து வடிகட்டி, கொதிநீர்ப் பாத்திரத்தின்மேல் வைத்து எல்லாவற்றையும் உருக்கி, இறக்கிய பின் யூகலிப்டஸ் தைலம் 2 மில்லி சேர்க்கிறேன். (அந்தத் தைலம் வயிற்றுக்குள் போனால் ஆபத்து என்பதால் டப்பாக்களைக் குழந்தைகளுக்கு எட்டாமல் வைத்திருக்கிறேன்.) பிறகு துணியால் மூடி, இரவெல்லாம் மெல்ல ஆறவிடுகிறேன்.

தேங்காயெண்ணெய் 24 டிகிரியை ஒட்டியே உறைவதும், மெழுகு உருக 62 டிகிரிக்கு மேல் வேண்டியிருப்பதும் காரணமாக இருக்குமோ என்றெண்ணி, இரண்டாம் முறை மெழுகை முழுவதும் உருக்கிய பிறகே, தனியாகச் சூடாக்கிய எண்ணெயை அதில் ஊற்றினேன். மூன்றாம் முறை மெழுகை 15 கிராமாகக் குறைத்தேன். களிம்பு இளகியதே தவிர, குறுணை போகவில்லை.

மலைக்குளிரில் இதைச் செய்து பழகியவர்களிடம் கேட்கிறேன்: ஷியா வெண்ணெயை நீக்காமலேயே, உருக்கியவுடன் குளிர்பெட்டியில் வைத்து விரைவாக உறையவைத்தால் குறுணை நின்றுவிடுமா?