முடிசார்பினர்: அமெரிக்கப் புரட்சியில் மன்னர் பக்கம் நின்றவர்களுக்கு ஒரு சொல்

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

கனடாவுக்குப் புதிதாக வந்த எங்கள் ஆட்களுக்காகக் குடியுரிமைச் சோதனைக் கையேட்டைத் தமிழில் சுருக்கி எழுதுகிறேன் என்று போன வாரம் சொல்லியிருந்தேன். அதில் 'லாயலிஸ்ட்' (Loyalist) என்ற இடத்தில் வந்து நின்றுவிட்டேன். அமெரிக்கக் குடியேற்றங்கள் பிரித்தானியாவிடமிருந்து பிரிந்துபோன அமெரிக்கப் புரட்சியில் பிரித்தானிய முடியின் பக்கம் நின்றவர்கள். தோற்றபிறகு அவர்களில் ஒரு பகுதியினர் வடக்கே ஏறி வந்தார்கள், இன்றைய ஒன்ராறியோவும் நியூ பிரன்சுவிக்கும் அவர்கள் வந்ததால் உருவானவை. இவர்களைத் தமிழில் எப்படிச் சொல்லலாம் என்று குழுமத்தில் கேட்டபோது நீங்கள் தந்த சொற்கள் எல்லாவற்றையும் வசனத்தில் வைத்து எழுதிப் பார்த்தேன்.

முதலில் வந்தது 'அரச விசுவாசிகள்'. அந்தப் பத்தியை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "ஆர், அரசாங்கத்தின்ர ஆக்களோ?" என்று கேட்டார். யாழ்ப்பாணத்தில் வளர்ந்த காதுக்கு அப்படித்தான் கேட்கும். அரச ஊழியர், அரச வைத்தியசாலை, அரச காணி என்று புழங்கிய எங்களுக்கு 'அரச' என்றவுடன் கச்சேரிதான் (அரசாங்க அலுவலகம்) நினைவுக்கு வரும், அரசன் வரமாட்டான். தமிழ்நாட்டு நண்பர்களுக்கு இந்தச் சிக்கல் இருக்காது. ஆனால் இதை வாசிக்கப்போகிறவர்களில் பெரும்பகுதி எங்கள் ஊர்க்காரர்.

'பிரித்தானிய ஆதரவாளர்' என்று ஒரு நண்பர் எழுதினார். இது சரிவராது. 1776 ஜூலையில் கிளர்ச்சிக்காரர் விடுதலையை அறிவிக்கும் வரை இரண்டு தரப்புமே பிரித்தானியக் குடிகள்தான். 1780 அக்டோபர் 7 அன்று தென் கரோலினா எல்லையில் கிங்ஸ் மவுண்டனில் நடந்த சண்டையை எடுங்கள். ஒரு மணிநேரம் சொச்சம் நடந்தது. இரு பக்கமும் சேர்த்து இரண்டாயிரம் பேரளவில் நின்றார்கள். அவர்களில் பிரித்தானியாவிலிருந்து வந்த படையதிகாரி என்று சொல்ல மன்னர் தரப்புத் தளபதி பாட்ரிக் பேர்கசன் ஒருவர்தான். மற்றவர்கள் அந்த மண்ணின் குடியேற்றவாசிகள், அயலவர்கள். அதைப் பிரித்தானியருக்கும் அமெரிக்கருக்கும் நடந்த சண்டை என்று எழுதினால் பொய்யாகிவிடும்.

'டோரி' எதிர்த்தரப்பு சொன்ன வசைச்சொல். அத்தோடு இன்று கனடாவில் அது பழைமைவாதக் கட்சிக்காரரைக் குறிக்கிறது. விட்டுவிடலாம். 'வெளியேறியோர்' என்பதும் ஆகாது. அப்போதைய வெள்ளைக் குடிகளில் 15 முதல் 20 சதவீதம் பேர் மன்னர் பக்கம் என்பது வரலாற்றாசிரியர்கள் பலர் ஏற்கும் கணக்கு. அது சில இலட்சம் பேர். நாட்டைவிட்டுப் போனவர்களோ ஏறக்குறைய 60,000 பேர். மிச்சப்பேர் அங்கேயே இருந்து, வாய் திறக்காமல் புதிய நாட்டின் குடிகளாகிவிட்டார்கள்.

இனி, நமக்குள் உண்மையான போட்டி 'விசுவாசி', 'முடிப்பற்றாளர்' இரண்டுக்கும் இடையில்தான். நண்பர் ஒருவர் கிளர்ச்சி செய்தவர்கள் நாட்டுப்பற்றாளர் (Patriot), மன்னர் பக்கம் நின்றவர்கள் முடிப்பற்றாளர் என்று இணை சொன்னபோது எனக்கும் மிகவும் பிடித்திருந்தது. இரண்டு நாள் அதையே வைத்து எழுதினேன். பொஸ்டன் கிங் என்பவர் வந்த பத்தியில்தான் கை நின்றது.

பொஸ்டன் கிங் தென் கரோலினாவில் அடிமையாகப் பிறந்தவர். தச்சுவேலை பழக அனுப்பப்பட்ட இடத்தில் அந்த மேலாள் அவரை நாள்கணக்கில் எழும்ப முடியாதபடி அடித்திருக்கிறார். ஆங்கிலப் படை சார்ல்ஸ்டனைப் பிடித்ததும் ஓடிப்போய் அவர்களிடம் சேர்ந்தார். மனைவியோடு நியூ யோர்க்கில் இருக்கும்போது 1783இல் சமாதானம் வந்தது. ஊரெல்லாம் மகிழ்ச்சி. ஆனால் ஓடிவந்த அடிமைகளைத் திரும்ப ஒப்படைக்கப் போகிறார்களாம் என்று ஒரு கதை பரவியது. தெற்கிலிருந்து எசமானர்கள் வந்து தெருவிலும் படுக்கையிலும் கிடந்தவர்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். சில நாள் தனக்கு உணவும் இறங்கவில்லை, உறக்கமும் இல்லை என்று கிங் தன் நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கிறார். பிரித்தானியத் தளபதி கை (Guy) கார்ல்டன் அவர்களைக் கொடுக்க மறுத்து, சுதந்திரச் சான்றிதழ் கொடுத்துக் கப்பலேற்றினார். அப்படிப் போனவர்களின் பெயர், வயது, அங்க அடையாளம் எல்லாம் ஒரு பதிவேட்டில் இருக்கின்றன. ஏறக்குறைய 3,000 பேர். ஜோர்ஜ் வாஷிங்டனின் பண்ணையிலிருந்து தப்பிய ஹாரி வாஷிங்டனும் அதில் ஒருவர்.

இந்த மனிதருக்கு முடிமீது பற்று, விசுவாசம் என்று எப்படி எழுதுவது? 1775 நவம்பரில் வர்ஜீனியா ஆளுநர் டன்மோர் விட்ட அறிவிப்பு, கிளர்ச்சிக்காரரின் அடிமைகள் மன்னர் படையில் சேர்ந்தால் விடுதலை என்றது. அவர்கள் விடுதலையின் பக்கம் போனார்கள். அந்த வேளையில் அது மன்னரின் பக்கமாக இருந்தது. அவர்களில் பலர் போய்ச் சேர்ந்த, இன்றைய கனடாவின் நோவா ஸ்கோசியாவில் சொன்னபடி நிலம் கிடைக்காதபோது, 1792இல் ஏறக்குறைய 1,200 பேர் அங்கிருந்தும் கப்பலேறி ஆபிரிக்காவுக்குப் போய், இன்றைய சியரா லியோனின் தலைநகரான பிரீடவுனைக் கட்டினார்கள். கிங்கும் போனார். அதே நோவா ஸ்கோசியாவுக்கு வந்த வெள்ளை லாயலிஸ்டுகள் சிலர் தங்கள் அடிமைகளையும் கூட்டிக்கொண்டுதான் வந்திறங்கினார்கள். ஒரே சொல் இந்த இரண்டு பேரையும் தாங்க வேண்டும்.

வெள்ளையர்களுக்குள்ளும் மனம் ஒன்றாக இல்லை. மசாசுசெட்ஸ் ஆளுநர் தோமஸ் ஹச்சின்சன் பொஸ்டனிலேயே பிறந்தவர், பல தலைமுறையாக அங்கேயே வாழ்ந்த குடும்பம். பத்திரங்களுக்கும் அச்சுத் தாள்களுக்கும் பிரித்தானியா போட்ட முத்திரை வரி சரியில்லை என்று தனிப்பட்ட முறையில் வாதாடியவர்; ஆனாலும் சட்டம் சட்டம்தான் என்று நின்றார். 1765 ஆகஸ்ட் 26 இரவு கூட்டம் அவருடைய வீட்டைச் சுவரும் கூரையும் பெயரப் பிரித்துப் போட்டது. தன் மாகாணத்தின் வரலாறு என்று அவர் எழுதிக்கொண்டிருந்த கையெழுத்துத் தாள்கள் தெருச் சேற்றில் கிடந்தன. ஒரு பாதிரியார் அவற்றைப் பொறுக்கிக் கொடுத்தார். ஊர்ப்பற்று இல்லாத ஆளா அந்த வரலாற்றை எழுதுவார்? 1774இல் இங்கிலாந்து போனவர், திரும்பிவர ஏங்கி 1780இல் அங்கேயே செத்தார். 'நாட்டுப்பற்றாளர்' என்ற சொல்லை எதிர்த்தரப்புக்கு மட்டும் கொடுத்தால், ஹச்சின்சனுக்கு நாடு இல்லை என்று ஆகிவிடுகிறது. அதனால் அவர்களைக் 'கிளர்ச்சித் தரப்பினர்' என்றே எழுதியிருக்கிறேன்.

ஆகவே என் பரிந்துரை 'முடிசார்பினர்'. எந்தப் பக்கம் நின்றார்கள் என்பதைச் சொல்கிறது, ஏன் நின்றார்கள் என்று சொல்ல வரவில்லை. அதை வரலாற்றை எழுதுகிறவர் வசனத்தில் சொல்லட்டும். 'முடி' என்றால் தலைமயிர் நினைவு வராதா என்று ஒருவர் கேட்டார். முடியாட்சி, முடிசூட்டு விழா, எங்கள் பழைய சட்டங்களில் 'முடிக்குரிய காணி' என்று பழகிய சொல்தானே, கூட்டுச்சொல்லில் குழப்பம் வராது. அதுவும் 'மன்னர்' என்பதைவிட இதுவே பொருந்தும். மூன்றாம் ஜோர்ஜ் என்ற ஆளைவிட, நாடாளுமன்றமும் நீதிமன்றமும் சேர்ந்த ஆட்சியமைப்பைத்தான் ஹச்சின்சன் போன்றவர்கள் மனதில் வைத்திருந்தார்கள்.

ஓரிடத்தில் மட்டும் 'பற்று' வேண்டும். 1789இல் டொர்செஸ்டர் பிரபு (அதே கார்ல்டன்தான்), பேரரசின் ஒருமைக்காக நின்று, போரை முடித்த 1783 பாரிஸ் உடன்படிக்கைக்கு முன்னரே மன்னர் கொடியின்கீழ் சேர்ந்தவர்களுக்கும் அவர்கள் பரம்பரைக்கும் ஒரு மதிப்படையாளம் கொடுத்தார். பெயருக்குப் பின்னால் 'யூ.ஈ.' (U.E., அதாவது United Empire) என்று இரண்டு எழுத்துப் போடலாம். இன்றும் போடுகிறார்கள். அது பட்டம், அவர்கள் தாங்களே விரும்பிச் சூடிக்கொண்டது. அதற்குப் 'பேரரசு ஒருமைப் பற்றாளர்' என்று வைக்கலாம். 'ஐக்கியப் பேரரசு' என்று போட்டால் அப்படி ஒரு நாடு இருந்ததாக வாசிக்கிறவர் நினைத்துவிடுவார்.

அப்புறம் மோஹாக் என்ற வட அமெரிக்கப் பழங்குடி மக்கள். கையேடு அவர்களின் தலைவர் ஜோசப் பிராண்டோடு வந்தவர்களையும் லாயலிஸ்ட் என்றே சொல்கிறது. ஆனால் பிராண்டின் மக்கள் தங்களை யாருடைய குடியாகவும் கருதவில்லை. அவர்கள் மன்னரோடு உடன்படிக்கை செய்த தனி இனத்தார். 1784இல் இன்றைய ஒன்ராறியோவில் கிராண்ட் ஆற்றங்கரை நிலம் கிடைத்தபோதும், தங்கள் பழைய மண் பாரிஸ் உடன்படிக்கையில் தங்களைக் கேளாமலே கைமாறிப் போயிருந்தது. உலகப்போர் பற்றி எழுதும்போது 'நேச நாடுகள்' என்கிறோமே, அதே சொல்லால் 'முடியின் நேச இனத்தார்' என்று பிரித்து எழுத விரும்புகிறேன். மூலத்திலிருந்து விலகுகிறேன் என்று தெரிந்துதான் செய்கிறேன். மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.

சந்தி பற்றியும் ஒரு வார்த்தை வேண்டும். மதச்சார்பு போல 'முடிச்சார்பினர்' என்பதுதான் முறை என்று இலக்கணம் தெரிந்தவர்கள் சொல்லலாம். எழுதிப் பார்த்தேன். கண் 'முடிச்சு' என்று வாசித்துத் தடுக்கி நிற்கிறது. 'முடிசூடி' என்பதில் ஒற்று இல்லை, 'முடியைச் சார்ந்தவர்' என்று விரித்தால் இங்கும் ஒற்றில்லாமல் விடலாம் என்பது என் எண்ணம். வரும் ஞாயிற்றுக்கிழமை அச்சுக்குக் கொடுக்க வேண்டும், அதற்குள் ஒற்றைப் பற்றி யாராவது உறுதியாகச் சொன்னால் திருத்திவிடுவேன்.